கரையேறிய முக்குளிப்பான்

முக்குளிப்பான் தரையில் நடந்து கருக்கம்வலசில் யாரும் பார்த்ததில்லை. எட்டு வருடமாகக் குளக்கரையிலேயே குடியிருந்து, அங்கே மீன் குத்தகை நடத்திவந்த பீர் முகம்மதுவும் பார்த்ததில்லை. தொண்ணூற்று நாலாம் வருடம் மாட்டுப் பொங்கலான பட்டிப் பொங்கலன்று, விடிகாலைச் சுபுஹுத் தொழுகையை முடித்துவிட்டு அவர் வெளியே வந்தபோது, ஒன்று அவர் வீட்டு வாசலை நோக்கி வந்துகொண்டிருந்தது.

நடந்து வந்தது என்று சொல்ல முடியாது. எழுந்து நாலு எட்டு ஓடும், நெஞ்சு மண்ணில் மோதி விழும், இறக்கையை ஊன்றி மறுபடி எழும். படைத்தவன் அந்தப் பறவைக்கு இரண்டு கால்களையும் உடம்பின் கடைசியில் கொண்டுபோய் வைத்திருக்கிறான். வால் என்று ஒன்று கிடையாது. விரல்கள் ஒவ்வொன்றும் வேப்பிலைபோல் தட்டையாக விரிந்திருக்கும். தண்ணீருக்குள் அந்தக் கால் செய்கிற வேலையை மீனின் துடுப்புகூடச் செய்யாது. தரையில் அது கால் இல்லாத மாதிரிதான்.

பீர் முகம்மது படியிறங்கி அதன் பக்கம் போனார். நாய் துரத்தியிருக்குமோ என்று சுற்றிலும் பார்த்தார். நாய் எதுவும் இல்லை. இரண்டு கையாலும் பறவையை அள்ளி எடுத்தார். புறாவைவிடச் சின்னது. கழுத்தில் செம்பழுப்பு ஏறி, வாயோரத்தில் மஞ்சள் பொட்டு வைத்திருந்தது. முட்டை வைக்கிற காலத்துக்குரிய கோலம் அது. காயம் ஒன்றும் இல்லை. நெஞ்சு மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது.

"எங்கயோ வழி தப்பிப்போட்ட கண்ணு" என்றார். கரைக்குக் கொண்டுபோய்க் கோரையோரமாகத் தண்ணீரில் விட்டார்.

அந்தக் குளத்து முக்குளிப்பான்களோடு அவருக்கு ஒரு பழைய கணக்கு இருந்தது. குத்தகை எடுத்த முதல் வருடம், வலை வீசுவதற்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று கோரைக்கு நடுவில் மிதந்த குப்பைக் குவியல் ஒன்றை மூங்கிலால் நெட்டித் தள்ளினார். அழுகின பாசியும் கோரைத் தண்டும் சேர்ந்த வெறும் குப்பை. அது கவிழ்ந்தபோது உள்ளேயிருந்து நாலு முட்டைகள் உருண்டு தண்ணீருக்குள் போயின. முக்குளிப்பான் கூட்டைவிட்டு இறங்கும்போதெல்லாம் பாசியை அலகால் இழுத்து முட்டைகளை மூடிவிட்டுத்தான் இறங்கும் என்பது அவருக்கு அதற்கப்புறம்தான் தெரிந்தது. எவ்வளவு அவசரமானாலும் மூடும். மேலே பறக்கிற பருந்துக்கும் கரையில் நிற்கிற மனுஷனுக்கும் அது குப்பையாகத்தான் தெரியும்.

அன்று அவர் சாப்பிடவில்லை. தெரியாமல் செய்த பாவத்துக்கும் கணக்கு உண்டு என்று நம்புகிறவர். அந்த வருடத்திலிருந்து மேற்கு மூலைக் கோரையில் வலை போடுவதில்லை. மீன் அங்கேதான் ஒதுங்கும் என்று தெரிந்தும் போடுவதில்லை. அதற்குக் கூலியாகத் தினமும் காலையில் ஒரு வேடிக்கை அவருக்குக் கிடைத்தது. முதுகில் வரிபோட்ட குஞ்சுகளை ஏற்றிக்கொண்டு தாய் மிதக்கும். சட்டென்று மூழ்கும். அவர் குர்ஆனின் நாலு வசனச் சூராவான 'குல்ஹுவல்லா'வை நிதானமாக ஒரு தடவை ஓதி முடிக்கும்போது சரியாக வேறொரு இடத்தில் தலையை நீட்டி, கிகிகிகியென்று உடைந்த சிரிப்பாகச் சிரிக்கும்.

இன்றைக்குச் சிரிப்புச் சத்தம் எதுவும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

தண்ணீரில் விட்ட பறவை மூழ்கவில்லை. கழுத்துவரை இறங்கித் தத்தளித்தது. தண்ணீரை அடித்து அடித்துத் திரும்பிக் கரைக்கே வந்தது. மண்ணில் நெஞ்சு மோத மறுபடி மேட்டில் ஏறியது. பீர் முகம்மது மறுபடி தூக்கினார். தண்ணீர்ப் பறவை தண்ணீரில்தானே பிழைக்கும்? இன்னும் கொஞ்சம் தள்ளி, முழங்கால் ஆழத்துக்கு இறங்கி விட்டார். இரண்டாவது தடவையும் அது கரையேறியது. அவர் கால்களுக்கு நடுவிலேயே புகுந்து, ஊரைப் பார்த்து ஓடி விழுந்தது.

அவர் குனிந்து தன் கைகளைப் பார்த்தார். பறவையின் இறகு ஈரம் கையில் வழுவழுவென்று ஒட்டியிருந்தது. முக்குளிப்பானின் மேலிருந்து தண்ணீர் சேம்பிலையிலிருந்து உருளுகிற மாதிரி உருண்டு ஓடும். இதுவோ நனைந்த பஞ்சுபோல் தோல்வரை ஊறிக் கிடந்தது. விரலை முகர்ந்தார். இனிப்பும் கசப்புமாக ஒரு வாடை. இறங்கிய காலில் மெல்ல எரிச்சல் தொடங்கியது.

"சாஜிதா!" என்று மனைவியைக் கூப்பிட்டார். "ஒரு குடம் நல்ல தண்ணி கொண்டா. சீக்கிரம்."

குழாய்த் தண்ணீர்க் குடத்தோடு வந்த சாஜிதா பேகம், அவர் காலைக் கழுவிவிட்டுக்கொண்டே கேட்டாள். "என்னங்க ஆச்சு? அக்கட்ட கோரைகிட்டயும் ரெண்டு உக்காந்திருக்குதுங்க. தொரத்துனாலும் தண்ணிக்குப் போவமாட்டீங்குது."

"நேத்து நான் ஜும்மாவுக்குப் போனப்ப இங்க ஆராச்சும் வந்தாங்களா?"

சாஜிதா யோசித்தாள். "ஆளு ஆரும் வர்லீங்க. ஒரு டேங்கர் லாரி வந்துது. மேக்கால வாய்க்காலுகிட்ட நின்னு திருப்பிக்கிட்டுப் போச்சு. ரோட்டுக்குத் தண்ணி ஊத்தற லாரின்னு நெனச்சனுங்க."

"நின்னுதா, திருப்புனதோட போயிருச்சா?"

"நான் ரெண்டு குண்டான் பாத்திரம் கழுவுற நேரம் நின்னுது."

அவர் வாய்க்கால் முகத்துக்குப் போனார். போகப்போகக் கால் வேகமாயிற்று. குளத்துக்குத் தண்ணீர் வருகிற அந்த மூலையில் லாரிச் சக்கரம் பதிந்த தடம் இருந்தது. மண் மஞ்சள் பூத்துக் கிடந்தது. தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் ஆடை படர்ந்திருந்தது. தவளைகள் மல்லாந்து கிடந்தன. கருவேலமரத்தின் அடியில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், நண்டு ஒன்று மரத்தைப் பற்றிக்கொண்டு அசையாமல் இருந்தது.

கோயமுத்தூர்ப் பக்கம் முலாம் பூசுகிற பட்டறைகள் கழுவிய தண்ணீரை இப்படி ராத்திரியோடு ராத்திரியாக எங்கேயாவது கொட்டிவிட்டுப் போவதை உக்கடம் மீன் மார்க்கெட்டில் பேசக் கேட்டிருக்கிறார். எந்தப் பட்டறை, எந்த லாரி என்று யாருக்கும் தெரிந்ததில்லை. இந்த லாரிக்காரன் பகலிலேயே கொட்டியிருக்கிறான். பொங்கலன்று யார் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியம்.

கிழக்குப் பக்கம், ஆழத்தில், மீன்கள் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தன. கிழக்குக் கரையில்தான் மாடு இறங்குகிற சரிவும் இருந்தது. இன்னும் அரைமணியில் ஊர் மாடுகள் எல்லாம் அங்கே குளிக்க வரும்.

வீட்டு முன்னால் வேன் நின்றது. சாஜிதாவின் தம்பி உக்கடத்திலிருந்து ஐஸ் பெட்டிகளோடு வந்துவிட்டிருந்தான். மறுநாள் ஞாயிறு, காணும் பொங்கல். வருடத்திலேயே பெரிய மீன் வியாபாரம் அன்றைக்குத்தான். ஆறு மாதமாக வளர்த்த கட்லாவும் ரோகும் அந்த ஒரு நாளுக்காகத்தான்.

விஷயத்தைக் கேட்டதும் அவன் வலையைத் தூக்கினான். "அப்ப என்ன மச்சான் நிக்கறீங்க? கெழக்குல மீனு உசுரோடதான இருக்குது? இப்ப இழுத்தா பதினோரு மணிக்கு மார்க்கெட். அதுக்கு மேல செத்தா அது வாங்குனவன் மீனு, நம்ம மீனு இல்ல."

"வாங்கித் திங்கறவன்?"

"ஒண்ணும் ஆகாது மச்சான். பொரிச்சா எல்லாம் போயிரும்."

பீர் முகம்மது மனைவியைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நினைப்புதான் ஓடியது. அந்த மீன் போய்விட்டால் அடுத்த குத்தகைக்குக் கட்ட வழியில்லை. இந்தக் குளக்கரையையே விட்டுப் போகவேண்டியதுதான். சாஜிதா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, "நம்ம புள்ளைக்குக் கொழம்பு வெப்பமாங்க அதுல?" என்று மட்டும் கேட்டாள்.

"மாட்டோம்."

"அப்ப வேண்டாமுங்க."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் மீனை விட்டுவிடுவது அவர் கையில் இருந்தது. மாட்டைத் தடுப்பது அவர் கையில் இல்லை. போன வருடம் இதே நாளில், குஞ்சு மீன் விட்டிருக்கிறேன், மாட்டைச் சரிவில் இறக்காமல் வாய்க்காலில் குளிப்பாட்டுங்கள் என்று கேட்கப்போய்ப் பெரிய பேச்சாகிவிட்டது. காலங்காலமாக இறங்குகிற சரிவு, பண்டிகையும் நோம்பியுமான நாளில் அதைத் தடுக்க இவர் யார் என்று கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை என்று பிறகு அவருக்கே பட்டது. வீடு வீடாகப் போய் மன்னிப்புச் சொல்லிவிட்டு வந்தார். இன்றைக்கு அதே வாயால் அதே வார்த்தையை மறுபடி சொன்னால் யார் நம்புவார்கள்?

சலங்கைச் சத்தம் கேட்டது.

அவர் பறவையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு சரிவுக்கு ஓடினார். பதினொரு மாடுகள் வந்துகொண்டிருந்தன. முன்னால் ஊர்ப் பெரியவர் ஆறுச்சாமி. அவருக்குப் பக்கத்தில் அவர் மனைவி ராசாத்தாள், ஆறு மாதச் சினையான செவலைப் பசுவைப் பிடித்துக்கொண்டு. மூன்று வருடம் பிடிக்காமல் போய், ஆனைமலை மாசாணியம்மனிடம் வேண்டிக்கொண்ட பிறகு சினையான மாடு அது. பின்னால் ஆறுச்சாமியின் தம்பி மகன் மோகன்குமார், ரேக்ளா வண்டிப் பந்தயத்துக்குப் பழக்குகிற மயிலைக் காளையோடு. அதற்கு அப்போதே கொம்பில் நீலச் சாயம் பூசியாயிற்று.

பீர் முகம்மது சரிவின் வாயில் நின்றார்.

"ஏனுங்ணா, ஒரு நிமிசம் நில்லுங்க. மாட்டத் தண்ணில எறக்காதீங்க. தண்ணி கெட்டுப்போச்சுங்க."

ஆறுச்சாமி நின்றார். மோகன்குமார் சிரித்தான்.

"வந்துட்டாரு பாருங்க பெரியப்பா. போன வருசம் மீன் குஞ்சு. இந்த வருசம் தண்ணி. அடுத்த வருசம் குளமே எங்கூட்டுதும்பாரு."

"தம்பி, மேக்கால லாரியில என்னமோ கொட்டிப்போட்டாங்க. வந்து பாருங்க, தவளையெல்லாம் செத்துக் கெடக்குது."

"தை மாசம் தவளை சாவறதுக்குப் பஞ்சாங்கம் பாக்கோணுமா? இங்க உங்க மீனு துள்ளுதே, அது சாகலீங்களா?"

அந்த நேரம் பார்த்துக் கிழக்கே ஒரு கட்லா துள்ளி விழுந்தது. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆறுச்சாமிகூடச் சிரிப்பை அடக்கி உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"பாயி, நல்ல நாளும் அதுவுமா ஏனுங்க இப்படி?" என்றார் மெதுவாக. "குளத்துல எறக்காம மாட்டுக்குப் பொட்டு வெக்கறதில்லீங்க நாங்க. உங்களுக்குத் தெரியாததா?"

பீர் முகம்மது துண்டை விரித்தார். "இதப் பாருங்ணா. முக்குளிப்பான். இது கரையேறிப் பாத்திருக்கறீங்களா? தண்ணிக்குள்ளயே பொறந்து தண்ணிக்குள்ளயே சாவற சாதி. பருந்து வந்தாலும் தண்ணிக்குள்ள போகுமே ஒழியக் கரைக்கு வராது. அது வேண்டாமுன்னு வெளிய வந்துருச்சுங்க."

"அடிபட்டிருக்கும்" என்றான் மோகன்குமார். "எங்க, தண்ணில உட்டுக் காட்டுங்க. அதுவே சொல்லட்டும்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். விட்டுக் காட்டினால் அது தத்தளித்துக் கரையேறும். ஒரு நிமிட வேலை. எல்லோரும் நம்பிவிடவும் கூடும். பீர் முகம்மது துண்டைப் பிடித்தபடி குனிந்தார். பறவை தலையை மட்டும் நிமிர்த்தி அவரைப் பார்த்தது. அவர் மறுபடி நிமிர்ந்தார்.

"முடியாதுங்க தம்பி. தெரியாத்தனமா ரெண்டு வாட்டி உட்டுப்போட்டேன். ரெண்டு வாட்டியும் கரைக்கே ஓடியாந்துது. தெரிஞ்சுபோட்டு மூணாவது வாட்டி உட மாட்டேன்."

"பாத்தீங்களா? பொய்யின்னா காட்ட முடியுமா?" என்று மோகன்குமார் காளையை நடத்தினான்.

பீர் முகம்மது வேன் நின்ற பக்கம் திரும்பிக் கத்தினார். "மாப்ள, பெட்டியக் கொட்டு!"

மைத்துனன் அசையவில்லை. அவரே பறவையைப் பின்னாலேயே வந்திருந்த சாஜிதாவின் கையில் கொடுத்துவிட்டுப் போய் வேன் கதவைத் திறந்தார். முதல் பெட்டியைச் சாய்த்தார். ஐஸ் கட்டிகள் சரசரவென்று மண்ணில் விழுந்து சரிந்தன. இரண்டாவது பெட்டி. மூன்றாவது. ஒன்பது பெட்டியையும் காலி செய்தார். காலை வெயிலில் அத்தனை ஐஸும் பளபளத்தபடி உருகி, செம்மண்ணில் ஓடியது.

"இந்தக் குளத்துல இருந்து ஒரு மீனு இன்னிக்கு வெளிய போகாதுங்க" என்றார். மூச்சு வாங்கியது. "மீனுக்காகச் சொல்றேன்னு நெனச்சுக்காதீங்க. மீனு போச்சு."

சிரித்தவர்கள் நிறுத்தினார்கள்.

ராசாத்தாள்தான் முதலில் அசைந்தாள். ஒவ்வொரு பட்டிப் பொங்கலுக்கும் அவள் தூக்குப்போசியில் பொங்கல் கொடுத்துவிடுவாள். சாஜிதா அந்தப் போசியை வெறுமனே திருப்பிக் கொடுத்ததில்லை, அடியில் கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத்தான் தருவாள். எட்டு வருடத்தில் அந்த இரண்டு பேருக்கும் நடுவில் அதைவிடப் பெரிய பழக்கம் ஒன்றும் இல்லை. ராசாத்தாள் வந்து, சாஜிதாவின் கையிலிருந்த பறவையின் நெஞ்சில் விரலை வைத்துப் பார்த்தாள். விரலை முகர்ந்தாள்.

"இத எங்க கெணத்துத் தொட்டிக்குக் கொண்டு போலாம் அம்மணி. நல்ல தண்ணில அலசோணும்" என்றாள். செவலையின் கயிற்றைத் திருப்பினாள். கணவனைப் பார்த்து, "தோட்டத்துல மோட்டாரப் போடுங்க. இன்னிக்கு மாடு அங்கயே குளிக்கட்டும். ஒரு வாயில்லாச் சீவன் வந்து சொல்லியும் கேக்கலீன்னா அம்மனுக்கு என்ன பதில் சொல்றதுங்க?"

ஆறுச்சாமி முன்னால் நின்ற மாட்டின் கயிற்றைப் பிடித்தார். பிறகு "திருப்புங்கப்பா" என்றார். ஒவ்வொரு கயிறாகத் திரும்பியது.

மோகன்குமாருக்கு மட்டும் திரும்ப மனசு வரவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் பேசிவிட்டான். இளரத்தம். "நீங்க போங்க, நான் வாரேன்" என்று காளையைச் சரிவில் இறக்கினான். பீர் முகம்மது குறுக்கே ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார். அதற்குள் காளை தலையைத் தாழ்த்தித் தண்ணீரில் வாய் வைத்துவிட்டது. அதன் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி ஒரு ரோகு மீன் மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடி, மெல்லப் புரண்டு வெள்ளை வயிற்றைக் காட்டியது.

மோகன்குமார் அதைப் பார்த்தான். அலறிக்கொண்டே இரண்டு பேரும் சேர்ந்து காளையை மேட்டுக்கு இழுத்தார்கள். இரண்டு வாய்தான் குடித்திருந்தது.

மத்தியானம் காளை படுத்தது. மாட்டு டாக்டரைக் கூப்பிடப் போன ஆள், விடுமுறை என்று திரும்பி வந்தான். புளிக்கரைசல், விளக்கெண்ணெய் என்று ஆளாளுக்குச் சொன்னதை ஊற்றினார்கள். பீர் முகம்மது கட்டுத்தரையில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். மோகன்குமார் கொம்பின் நீலச் சாயத்தை மட்டும் விரலால் தடவிக்கொண்டே இருந்தான். பொழுது இறங்கும் நேரம் காளையின் உயிர் அடங்கியது. பக்கத்து மாட்டுப் பட்டியில் தண்ணீர் நிரப்பிய சின்னத் தெப்பம் கட்டி, பொங்கல் வைத்து, "பட்டி பெருகோணும்" என்று மற்ற மாடுகளை ஓட்டுகிற நேரம். அந்த வருடம் அந்தக் குரல் மேலே எழும்பவே இல்லை.

மறுநாள் விடிந்தபோது குளம் முழுவதும் வெள்ளையாக இருந்தது. அத்தனையும் மீன். காக்கைகள் வந்து மேலே வட்டமிட்டன. ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை. சிரித்தவர்களில் நாலு பேர் மண்வெட்டியோடு வந்து, பீர் முகம்மது கேட்காமலே குழி வெட்டிக் கொடுத்தார்கள்.

கரையிலிருந்து எடுத்துவந்த மூன்று பறவைகளில் இரண்டு பட்டிப் பொங்கல் ராத்திரியே செத்துப்போயின. வாசல் தேடி வந்ததை ராசாத்தாளும் சாஜிதாவும் மாறி மாறி, ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை, நல்ல தண்ணீரில் அலசினார்கள். சோளத்தட்டின்மேல் விட்டுக் கூடையால் கவிழ்த்து மூடினார்கள். நாலாம் நாள் அது இறகைக் கோதத் தொடங்கியது. ஏழாம் நாள் கிணற்றுத் தொட்டியில் விட்டபோது, தண்ணீர் அதன் முதுகிலிருந்து உருண்டு ஓடியது.

அன்று மாலை மோகன்குமார் தன் டிவிஎஸ் வண்டியைக் கொண்டுவந்து பீர் முகம்மதுவின் வாசலில் நிறுத்தினான்.

"வாங்க மாமா. கெழக்க பத்து மைல் தள்ளி ஒரு குளம் இருக்குது. வாய்க்கால் ரோட்டுப் பக்கம் வராது."

வழக்கமாகப் பாய் என்று கூப்பிடுகிறவன் மாமா என்றது இரண்டு பேர் காதிலும் விழுந்தது. பீர் முகம்மது பறவையைக் கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினார். வண்டி தங்கள் குளத்தைத் தாண்டும்போது மோகன்குமார் வேகத்தைக் குறைத்தான். மேற்கு மூலைக் கோரை பழுத்துச் சாய்ந்திருந்தது. நடுவில் ஒரு குப்பைக் குவியல் மட்டும் மிதந்தது.

"அதா மாமா கூடு?"

"அதான்."

"முட்டை இருக்குதுங்களா?"

"இருக்கும். பாசி கலையாம அப்படியே இருக்குது பாரு. மூச்சு முட்டி ஓடியாரப்பவும் மூடி வெச்சுப்போட்டுத்தான் வந்திருக்குது."

புதுக் குளத்தின் கரையில் பீர் முகம்மது முதலில் தண்ணீரைக் கையில் அள்ளினார். விரலால் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்தார். மோகன்குமாரும் அப்படியே செய்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். பிறகு கூடையைத் திறந்தார்கள்.

பறவை தண்ணீரைத் தொட்டதும் மூழ்கிவிட்டது. பீர் முகம்மது வாய்க்குள் சூராவை ஓதினார். ஓதி முடித்தார். தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. மறுபடி ஓதினார். மோகன்குமார் அவர் முழங்கையைப் பற்றிக்கொண்டான். மூன்றாவது தடவை பாதியில், வெகுதூரத்தில், ஆம்பல் இலைகளுக்கு நடுவே ஒரு தலை எழுந்தது.

அது சிரிக்கவில்லை. உடம்பைத் தண்ணீருக்கு மேல் கொண்டுவரவும் இல்லை. தலையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு அந்தத் தண்ணீரை நாலு பக்கமும் பார்த்தபடி இருந்தது. எங்கேயோ தூரத்தில், ரோட்டில், லாரி ஒன்று கியர் மாற்றிப் போகிற சத்தம் கேட்டது. கரையில் நின்ற இருவரும் அந்தச் சத்தம் முழுவதும் அடங்குகிறவரை நகரவில்லை.